காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஸ்கைடைவிங் ஏன் இல்லை?

ஆடி மாதத்தில் வள்ளியூரிலிருந்து பணகுடிப் பக்கம் பைக்கில் போயிருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று வண்டியை ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதே காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கினால் குற்றாலத்தில் சாரல். காற்றாலைக்காரர்களுக்கும் குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கும் ‘சீசன்’ ஏறக்குறைய ஒரே மாதங்களில் வருவது இதனால்தான். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பையன் ஸ்கைடைவிங் போன, அதாவது விமானத்திலிருந்து குதித்துப் பாராசூட்டில் இறங்கிய, வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், ஊரிலிருந்து போகும் கேள்வியும் காற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும்: “நம்ம ஊர்ல இல்லாத காத்தால? இங்கனயே ஒண்ணு போடக் கூடாதா?”

நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே குதிக்க முடியாததற்கு முதல் காரணமே அந்தக் காற்றுதான். ஸ்கைடைவிங்குக்கு வேண்டிய காற்றை வானிலை தருவதில்லை. விழுகிற வேகமே அதை உண்டாக்குகிறது. விமானமே இல்லாமல் கட்டடத்துக்குள் மிதக்கும்போது மின்விசிறி உண்டாக்குகிறது. வானிலை தரும் காற்று குறுக்கே வந்து கெடுக்க மட்டும்தான் செய்யும். இந்த ஒன்று புரிந்துவிட்டால், உள்ளே பறப்பதும் வெளியே குதிப்பதும் எப்படி வேறுபடுகின்றன, முதல்முறை போகிறவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை அடி நீளம், 10 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள சின்னக் கருங்கல் அம்மி கிட்டத்தட்ட 24 கிலோ இருக்கும். அது தட்டையாகக் கிடக்க, கீழிருந்து மேலே காற்று அடித்து அதை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமானால் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகம் தேவை. குப்புறப் படுத்த நிலையில் விழும் மனிதருக்கும் கிட்டத்தட்ட இதே வேகம்தான், 190 முதல் 200 கி.மீ. வரை. எடையைப் பரப்பளவால் வகுத்தால் அம்மியும் நாமும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். பணகுடி ரோட்டில் பைக்கைத் தள்ளும் காற்று 50 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், அது அப்படியே கீழிருந்து வீசினாலும் 70 கிலோ ஆளில் ஐந்து கிலோவைத்தான் தாங்கும். பெரும்பாலான காற்றாலைகள் 90 கி.மீ. வேகத்தைத் தொட்டால் பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டவை. அந்த வேகத்தில்கூட ஆள் எழும்ப மாட்டார். ஆக, ஆடிக்காற்றை நம்பி ஒன்றும் நடக்காது, அம்மிக்கும் சரி, ஆளுக்கும் சரி.

கட்டடத்துக்குள் அந்த 200 கி.மீ. காற்றை உண்டாக்கும் இயந்திரத்தைத்தான் விண்ட் டனல் என்கிறார்கள். உச்சியில் பெரிய விசிறிகள் இருக்கும். அவை கீழிருந்து காற்றை உறிஞ்சி மேலே இழுக்கும், ஊதித் தள்ளுவதில்லை. இழுத்த காற்று பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி, தரைக்கடியில் திரும்பி, மறுபடி பறக்கும் அறைக்குள் வரும். அறைக்கு வரும் முன்பு குழாய் குறுகும். அகலமான வாய்க்காலில் மெதுவாக வந்த தண்ணீர் மடைக்குள் நுழையும்போது வேகமெடுக்கும் அதே கணக்குதான் இங்கேயும். அறை மேலே போகப்போக விரிவதால் வேகம் குறைந்துகொண்டே போகும். இதனால் ஆளைச் சட்டென்று கூரைக்குத் தூக்கிவிடாது, அவரவர் எடைக்குச் சமநிலை கிடைக்கும் உயரத்தில் மிதக்கவிடும். காலடியில் இரும்புக் கம்பி வலை, சுற்றிலும் கண்ணாடிச் சுவர், வெளியே ஓர் அறையில் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆபரேட்டர். எட்டு வயதுக் குழந்தைக்கு வைக்கும் வேகமும் 90 கிலோ ஆளுக்கு வைக்கும் வேகமும் வேறு. சுற்றிச்சுற்றி ஓடும் காற்று உராய்வில் சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்கவும் தனி ஏற்பாடு இருக்கும். மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று ஊகித்தால், ஒரு நிமிடப் பறத்தலுக்கு ஏன் அவ்வளவு பணம் கேட்கிறார்கள் என்பது புரியும்.

இப்படியொரு செங்குத்துக் குழாயில் மனிதர் முதன்முதலில் மிதந்தது 1964இல், அமெரிக்காவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில். பொழுதுபோக்காக அது மாறியது வெகு பின்னால். இன்று டனலுக்கென்றே உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது, முதல் போட்டி 2015இல் பிராகா நகரில் நடந்தது. விமானத்தையே எட்டிப் பார்க்காமல் டனலில் மட்டும் வளர்ந்த வீரர்களும் உண்டு.

முதல்முறை போகிறவருக்கு வழக்கமாகத் தருவது ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் இரண்டு வாய்ப்புகள். ஒரு நிமிடமா என்று முகம் சுளிக்க வேண்டாம். 10,000 அடியிலிருந்து குதிப்பவருக்குப் பாராசூட் விரியும் முன் கிடைப்பதே அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான். தவிர, அந்த ஒரு நிமிடத்தில் தோள், தொடை, வயிற்றுத் தசையெல்லாம் வேலை செய்து அடுத்த நாள் வலிக்கும்.

உள்ளே பேச முடியாது, இரைச்சல் அப்படி. காதில் அடைப்பான் வைத்துவிடுவார்கள். அதனால் பயிற்சியாளர் கைச்சாடையில்தான் பேசுவார். இரண்டு விரல்களை நீட்டினால் காலை நீட்டு, மடக்கினால் முழங்காலை மடக்கு, முகவாயைத் தொட்டுக் காட்டினால் தலையைத் தூக்கு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆட்டினால் உடம்பைத் தளர்த்து. நாலே நாலு சாடைதான். ஆனால் முதல் பத்து நொடிகளில் எல்லாருக்கும் வருவது அந்தக் கடைசிச் சாடைதான். பயத்தில் உடம்பு விறைக்கும், மூச்சு நிற்கும், கண் கீழே வலையைப் பார்க்கும். விறைத்த உடம்பு காற்றில் தடுமாறும். இடுப்பைக் கீழே இறக்கி, கை கால்களைச் சற்று மேலே வைத்து, உடம்பை வில்லாக வளைத்தால் எடையின் மையம் கீழே வந்து நிலைத்துவிடும். கால்களை நீட்டினால் முன்னே நகரலாம், மடக்கினால் பின்னே. அங்குலக் கணக்கில் அசைத்தாலே உடம்பு அறையின் மறுபக்கம் போய் முட்டும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டனலைப் பலரும் ‘சின்னப் பிள்ளைகளுக்கான’ ஸ்கைடைவிங் என்றும், விமானத்திலிருந்து குதிப்பதே அசல் என்றும் நினைக்கிறார்கள். முதல்முறை போகிறவரைப் பொறுத்தவரை நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். டனலில் உங்கள் உடம்பை நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள். வெளியே முதல் குதிப்பு பெரும்பாலும் டான்டம், அதாவது பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிப்பது. அதில் பறப்பவர் பயிற்சியாளர், நீங்கள் அவருடைய சாமான். உயரம், திகில், கீழே விரியும் பூமி எல்லாம் வெளியேதான் கிடைக்கும், சந்தேகமில்லை. பறக்கக் கற்றுக்கொள்வது மட்டும் உள்ளேதான்.

சரி, டான்டம் எப்படி நடக்கும்? தரையில் அரை மணி நேரத்துக்கும் குறைவான பாடம். உங்கள் உடம்பில் மாட்டிய வார்ப்பட்டையை இரண்டு தோளிலும் இரண்டு இடுப்பிலுமாக நாலு இடங்களில் பயிற்சியாளரோடு கொக்கியால் பிணைப்பார்கள். செஸ்னா 182 மாதிரிச் சின்ன விமானமாக இருந்தால் இருக்கைகளைக் கழற்றியிருப்பார்கள், தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 10,000 அடி ஏறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பணகுடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற மகேந்திரகிரி 1,654 மீட்டர், 10,000 அடி என்பது 3,048 மீட்டர். கீழே 35 டிகிரி வெயிலென்றால் அங்கே 15 டிகிரிதான் இருக்கும், கதவைத் திறந்ததும் அது தெரியும்.

அந்தக் கதவுதான் மொத்த விஷயத்திலும் கடினமான இடம். குதித்த பிறகு பயம் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடுகிறது. அதற்கு உடலியல் காரணம் உண்டு. பொருட்காட்சித் திடலில் ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றைப் பிசையும் அல்லவா, அது இங்கே பெரும்பாலும் வராது. விமானம் முன்னோக்கிப் போகும் வேகம் வெளியே வரும்போதே நம் உடம்பில் இருக்கிறது. காற்று முதல் நொடியிலிருந்தே எதிரே அழுத்துகிறது. சும்மா நின்ற இடத்திலிருந்து கீழே விழுகிற உணர்வு இல்லாமல், முன்பக்கமாகச் சரிந்து மெல்லக் கீழ்நோக்கித் திரும்புவதாகவே உடம்பு உணரும். பத்துப் பன்னிரண்டு நொடிகளில் வேகம் உச்சத்தைத் தொட்டு அதற்கு மேல் கூடாது. வேகம் கூடாவிட்டால் விழுவதாகவே தோன்றாது, பலமான காற்றின் மேல் படுத்திருப்பதாகத்தான் தோன்றும். உயரத்தைப் பார்த்துத் தலைசுற்றலும் பெரும்பாலும் வராது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் குனிந்தால் கால் கூசுகிறவர்களுக்குக்கூட அவ்வளவு உயரத்தில் கூசுவதில்லை, ஏனென்றால் கண்ணுக்கு அது உயரமாகத் தெரிவதில்லை, வரைபடமாகத் தெரிகிறது.

டான்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஆளின் எடை, ஆனால் ஒருவர் மேல் ஒருவர் இருப்பதால் பரப்பளவு இரண்டு மடங்கு இல்லை. மேலே சொன்ன அம்மிக் கணக்குப்படி பார்த்தால் வேகம் 280 கி.மீ. பக்கம் போய்விடும். அந்த வேகத்தில் பாராசூட்டை விரித்தால் துணிக்கும் ஆளுக்கும் ஆகாது. அதனால் குதித்த சில நொடிகளில் பயிற்சியாளர் ட்ரோக் என்னும் சின்னப் பாராசூட்டைப் பின்னால் வீசிவிடுவார். அது வேகத்தை 200க்குள் அடக்கி, ஆடாமலும் பார்த்துக்கொள்ளும். சுமார் 5,000 அடியில் பெரியது விரியும். இஸ்ரோவின் ககன்யான் விண்கலம் வீரர்களோடு கடலில் இறங்கும்போதும் இதே வரிசைதான்: முதலில் ட்ரோக்குகள் கலத்தை நிலைப்படுத்தி வேகம் குறைக்க வேண்டும், பிறகு மூன்று பெரிய பாராசூட்டுகள். அந்தக் கலத்தை மேலே கொண்டுபோகிற விகாஸ் ராக்கெட் எஞ்சினைச் சோதித்தது நம் மகேந்திரகிரியில். கீழே கொண்டுவரும் துணியைச் சோதித்தது சண்டிகரிலும் ஜான்சிப் பக்கத்திலும்.

இன்றைய பாராசூட் குடை வடிவில் இருப்பதில்லை. அமெரிக்காவில் பறக்கவிடும் பட்டங்களைச் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பர்ட் 1964இல் உருவாக்கிய வடிவம் அது. முன்வாய் திறந்த துணி அறைகளுக்குள் காற்று புகுந்து, துணி விறைத்து இறக்கையாகிவிடும். இறக்கை என்பதால் அது முன்னோக்கிப் பறக்கும், திருப்பலாம், தரைக்கு அருகில் பிரேக் பிடித்து மெதுவாக இறங்கலாம். முதுகுப் பையில் இரண்டு இருக்கும். ஒன்று பழுதானால் அதை வெட்டிவிட்டு இரண்டாவதை விரிக்கலாம். பழுதானதை அப்படிக் கழற்றிவிடும் மூன்று வளைய விடுவிப்பைக் கண்டுபிடித்த பில் பூத்தான் 1980களில் டான்டம் முறையை நிலைநாட்டியவர்களிலும் ஒருவர். இதற்கும் மேலே, யாருமே ஒன்றும் செய்யாவிட்டாலும் காற்றழுத்தத்தையும் வேகத்தையும் அளந்து சுமார் 2,000 அடியில் இரண்டாவது பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும் கருவி இருக்கிறது. 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த ‘சைப்ரஸ்’ என்ற கருவி இவற்றில் பேர்பெற்றது. முன்பணம் கட்டும் முன்பு இந்தக் கருவி பையில் இருக்கிறதா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம்பகமான எண்ணிக்கை அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. 2023இல் அங்கே சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், 10 மரணங்கள். இப்படி நடக்கும் விபத்துகளில் கணிசமானவை பாராசூட் விரியாததால் வருபவை அல்ல. ஒழுங்காக விரிந்த பாராசூட்டை அனுபவசாலிகள் தரைக்கு அருகில் வேகமாகத் திருப்பி வீணாக்கிக்கொள்வதுதான். டான்டத்தில் வருகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆனால் கணுக்கால் சுளுக்கும் முதுகு வலியும் வரலாம். இறங்கும்போது “காலைத் தூக்கு” என்று பயிற்சியாளர் கத்துவார். தூக்காவிட்டால் இரண்டு பேர் எடையும் உங்கள் காலில் இறங்கும்.

இப்போது ஊர்க் காற்றுக்கு வருவோம். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி, தனியாகக் குதிக்கக் கற்கும் மாணவர் தரைக்காற்று மணிக்கு 14 மைல், அதாவது 22 கி.மீ. தாண்டினால் குதிக்கக் கூடாது. டான்டத்துக்கு வரம்பு சற்று அதிகம், அவ்வளவுதான். காரணம் எளிது. பாராசூட் முன்னோக்கிப் போகும் வேகம் 35 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. காற்றுக்கு முகம் காட்டி நின்றால் 15 கி.மீ. வேகத்தில் பின்னோக்கிப் போவார், எங்கே போகிறோம் என்று தெரியாமல். காற்றோடு போனாலோ கேட்கவே வேண்டாம். பாராசூட்டில் தொங்கும் ஐந்து நிமிடத்தில் அந்தக் காற்று மட்டுமே நாலு கி.மீ. தூரம் தள்ளிவிடும். ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் நாலு கி.மீ. தள்ளினால் வழியில் என்னென்ன இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: காற்றாலை, உயரழுத்த மின்கம்பி, பனை, உடைமரம், குளம். மேற்கே மலை இருப்பது இன்னொரு தொல்லை. தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சுழன்று சுருளும், பாராசூட்டின் துணி அறைகளைச் சுருக்கிவிடக்கூடிய சுழல் அது.

ஆண்டு முழுவதும் அப்படியா என்றால் இல்லை. காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அப்புறம் வடகிழக்குப் பருவமழை மேகம். தை, மாசிக் காலைகளில் நாங்குநேரிப் பக்கம் இலை அசையாத நேரம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காலையில் 10,000 அடி ஏறினால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவும் மறுபக்கம் அரபிக்கடலும் ஒரே பார்வையில் விழும். அவ்வளவு உயரத்தில் தொடுவானம் 190 கி.மீ. தாண்டி இருக்கும், தமிழ்நாட்டில் இதற்கு ஈடான காட்சி வேறெங்கும் இருக்காது என்பது என் எண்ணம். ஆனால் வானம் நம்முடையது மட்டும் இல்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் எல்லாம் ஒரே மூலையில். பாராசூட்டில் ஆள் இறக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அதைக் கேட்டு வாங்க யாராவது துணிவார்களா என்பது சந்தேகமே.

ஆகவே பயணப்பட வேண்டியதுதான். நாட்டுக்குள் ஹரியானாவின் நார்னௌல் பக்கம் விமான ஓடுதளம் ஒன்றில் டான்டம் நடக்கிறது. மைசூரில் சாமுண்டி மலை அடிவாரத்தில் அவ்வப்போது முகாம்கள் நடந்திருக்கின்றன. வாஞ்சி மணியாச்சியில் மைசூர் ரயில் பிடித்தால் போய்விடலாம், தேதியை மட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். டனல் என்றால் ஹைதராபாத்தில் கண்டிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. நிஜத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு அதைவிடப் பழகிய வழி கடல் தாண்டித்தான். கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெரு குறைவு, அங்கே சென்டோசாவில் 2011 முதல் டனல் இருக்கிறது. அபுதாபியின் யாஸ் தீவில் இருப்பது 32 அடி அகலம். துபாயில் டனலும் உண்டு, பாம் ஜுமைரா என்ற செயற்கைத் தீவின் மேலேயே டான்டமும் உண்டு.

பெண்களுக்கு ஒரு சொல். உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் வளையல், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால், உடைக்குள் விட்டு டேப் ஒட்டி மேலே சூட் மாட்டிவிட வழியுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். சேலையில் குதிக்க முடியுமா என்று கேட்கும் ஆச்சிகளுக்கும் பதில் இருக்கிறது. வாழ்க்கையின் முதல் குதிப்பையே 2004இல் வட துருவத்தில் குதித்த புனேயின் ஷீத்தல் மகாஜன், 2018இல் தாய்லாந்தில் ஒன்பது கஜச் சேலை கட்டிக்கொண்டு குதித்தார். ஆனால் அதற்கு முன் நூற்றுக்கணக்கில் குதித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை எடை வரம்பு பெரும்பாலும் 90 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். ஜலதோஷத்தோடு போனால் இறங்கும்போது காதடைத்து வலியில் உயிர் போகும். தோள்மூட்டு ஒருதடவை நழுவியவர்கள் டனலில் மறைக்காமல் சொல்ல வேண்டும், விரித்த கையைக் காற்று பின்னால் இழுத்தால் மறுபடி நழுவும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. கடலுக்கடியில் ஸ்கூபா செய்துவிட்டு அன்றே உயரம் ஏறக் கூடாது.

கடைசியாகக் காகிதம். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் யாரும் ஏற்ற மாட்டார்கள். வீட்டில் இருக்கும் விபத்துக் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பயணக் காப்பீடு எடுக்கும்போதே அதைச் சேர்க்கக் கேட்டால் கொஞ்சம் கூடுதல் பணத்தில் சேர்த்துத் தருகிற நிறுவனங்கள் உண்டு, போய் இறங்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.